வில்லைத் துப்பாக்கி பின்னுக்குத் தள்ளியது எதனால்? ஒரு மாணவியின் கேள்வி

சிப்புட் ஆசிரியை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் வார இறுதி வரலாற்று வகுப்பில் ஒரு மாணவி எழுப்பிய கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "தேர்ந்த வில்லாளி ஒரு நிமிடத்தில் பத்து அம்பு எய்துவிடுவான் என்கிறீர்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் போட்டு ஒருமுறை சுடுவதற்கே ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும் என்கிறீர்கள். அம்பு இருநூறு மீட்டர் தாண்டியும் போகும். குண்டு நூறு மீட்டரைத் தாண்டினால் யார்மேல் படும் என்று சுட்டவனுக்கே தெரியாது. பிறகு எந்த அரசன் வில்லை விட்டுவிட்டுத் துப்பாக்கியை வாங்குவான்?"

பீரங்கியைப் பற்றிய பேச்சை இதில் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டைச் சுவரை வில்லால் உடைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1450க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலத்தில், ஒரு வீரன் கையில் ஏந்திய துப்பாக்கி, இன்னொரு வீரன் கையில் ஏந்திய வில்லின் இடத்தை எப்படிப் பிடித்தது என்பதே கேள்வி. 'புதிய கருவி என்பதால் சிறந்தது' என்னும் விடையை அந்தப் பிள்ளை ஏற்கமாட்டாள், ஏற்கவும் கூடாது.

பழைய கிராணி எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுதுவினைஞனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரலாறு வாசிப்பதுதான் இப்போது என் வேலை. வில்லாளியை உருவாக்க ஒரு பிள்ளைப் பருவம் முழுவதும் வேண்டும், துப்பாக்கிக்காரனை உருவாக்கச் சில வாரங்கள் போதும் என்பதே என் விடை.

இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் மன்னர் 1363இல், உடல் வலிமையுள்ள ஆண்கள் ஓய்வு நாட்களிலும் திருநாட்களிலும் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டார். அரசன் ஆணையிட்டுப் பழக்க வேண்டிய அளவுக்கு அது கடினமான கலை. 1545இல் கடலில் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலில் 130க்கும் மேற்பட்ட நெடுவிற்களும் 3,500க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அவற்றின் நாணை முழுதாக இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை விசை வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று ஒலிம்பிக் போட்டியில் பயன்படும் வில்லுக்கு 50 பவுண்டு அளவே போதும். அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில், வளர்ந்த வயதில் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டிய தோள்பட்டை நுனி எலும்பு சேராமல் தனித்து நின்றிருக்கிறது. இளம் வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்துப் பழகியதன் தடம் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

பட்டையின் ஆழம் கைக்கே தெரியும் அளவுக்குப் பழகிய பால்மரத் தொழிலாளி ஒருவர் நோயில் விழுந்தால், மறுநாள் அந்த நிரைக்குப் புதிய ஆளை அனுப்பி அதே பாலை எடுத்துவிட முடியாது. வில்லாளியின் நிலையும் அதுவே. போரில் இறந்த துப்பாக்கிக்காரனுக்குப் பதிலாள் அடுத்த மாதமே வந்துவிடுவான். இறந்த வில்லாளிக்குப் பதிலாள் வளர்ந்து வரப் பத்தாண்டுகள் ஆகும்.

ஆலைப் பொறியாளன் எழுதியது:

கிராணி ஐயா சொல்வது பல நூல்களில் காணப்படும் விளக்கம்தான். அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் அது முழு விடையாகாது என்று கருதுகிறேன். எளிதில் பழகலாம் என்பதே காரணமென்றால் குறுக்குவில்லை எங்கே வைப்பது? அதையும் சில வாரங்களில் பழகிவிடலாம். பொறியை இழுத்து மாட்டிவிட்டால் குறிபார்த்து விசையை அழுத்துவதுதான் வேலை. அப்படியிருந்தும் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பியப் படைகளில் குறுக்குவில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அக்காலத் துப்பாக்கி எளிமையான கருவி என்பதும் சரியன்று. டச்சுப் படைக்காக யாக்கப் டே கெய்ன் வரைந்து 1607இல் வெளியான பயிற்சிப் படங்களில், மஸ்கெட் என்னும் கனமான துப்பாக்கியை நிரப்பிச் சுடுவதற்கு மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நிலைகள் காட்டப்பட்டுள்ளன. வீரனின் இடது கையில் இரு முனையும் கனன்றுகொண்டிருக்கும் திரி இருக்கும். சுட்டு முடித்ததும் அந்தத் திரியைப் பொறியிலிருந்து கழற்றி விரல்களுக்கிடையே இடுக்கிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டுக் கிண்ணியில் எஞ்சிய நெருப்பை ஊதி அகற்ற வேண்டும். அதில் நுண்மருந்தை இட்டு மூடியைச் சாத்தி, மேலே சிந்தியதைத் தட்டிவிட வேண்டும். பிறகு துப்பாக்கியை நிமிர்த்தி, தோள்வாரில் தொங்கும் மரச்சிமிழ் ஒன்றைத் திறந்து குழாய்க்குள் மருந்தைக் கொட்டி, வாயிலிருந்தோ பையிலிருந்தோ ஈயக்குண்டை எடுத்துப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். இதற்குப் பின்புதான் திரியை மீண்டும் பொறியில் பொருத்தி, சரியான நீளத்திற்கு இழுத்துவிட்டு, ஊதிக் கனலவைத்து, கிண்ணியின் மூடியைத் திறந்து சுட முடியும். உடல் முழுவதும் மருந்தைக் கட்டிக்கொண்டு, கையில் நெருப்பை வைத்துக்கொண்டு, அருகில் அதேபோல் இன்னொருவன் நிற்க, இவ்வளவையும் பதறாமல் செய்ய வேண்டும். சில நாட்களில் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய வேலை அன்று இது.

ஆகவே என் விடை வேறு. வில்லின் ஆற்றல் முழுவதும் அதை இழுப்பவனின் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் வருகிறது. உடல் எவ்வளவு கொடுக்கிறதோ அதற்கு மேல் அம்பில் எதுவும் இருக்க முடியாது. வலிமையான நெடுவில்லிலிருந்து புறப்படும் கனத்த அம்பின் ஆற்றல் ஏறத்தாழ 100 முதல் 150 ஜூல். கையில் ஏந்திச் சுட்ட ஆர்க்கெபஸ் துப்பாக்கியின் குண்டு 1,000 ஜூலைத் தாண்டும். கவைக்கோல் ஊன்றிச் சுட்ட கனமான மஸ்கெட் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தரும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆயுதச்சாலையில் பாதுகாக்கப்பட்ட பழந்துப்பாக்கிகளை 1980களின் இறுதியில் சுட்டுப் பார்த்தபோது, அவற்றின் குண்டுகள் விநாடிக்குச் சராசரியாக 450 மீட்டர் விரைவில் வெளியேறின. அம்பின் விரைவு விநாடிக்கு 50, 60 மீட்டர்தான். பத்து அம்புக்கு ஒரு குண்டு என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

15ஆம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் மிகவும் தேறிவிட்டது. 1513இல் ஃபிளாடன் களத்தில் ஸ்காட்லாந்துப் படையின் முன்வரிசையினர் அணிந்திருந்த நல்ல கவசத்தின்மேல் இங்கிலாந்து அம்புகள் பெரிதாகப் பலிக்கவில்லை; கைகலப்புதான் அந்தப் போரை முடித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கவசக் கொல்லர்கள் தாம் செய்த மார்புக்கவசத்தின்மேல் தாமே ஒரு குண்டைச் சுட்டு, அந்தப் பள்ளத்தைத் தரச்சான்றாகக் காட்டி விற்கத் தொடங்கினர். குண்டைத் தாங்கும்படி கவசத்தைத் தடிப்பாக்கினால் எடை கூடியது. எடை கூடியதால் கைக்கும் காலுக்கும் உரிய தகடுகளைக் கழற்றி எறிந்தார்கள். எதிரி எந்த ஆயுதத்துக்கு அஞ்சினான் என்பதை அவன் போட்டிருந்த இரும்பே காட்டிக்கொடுக்கிறது.

தென்றல் எழுதியது:

பொறியாளர் தம்பி ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டார். நம் பாட்டன்மார் கப்பலேறிய மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1520இல் கிருஷ்ணதேவராயர் ரெய்ச்சூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது, கிறிஸ்தோவாவ் டி ஃபிகெரேதோ என்பவரின் தலைமையில் போர்த்துகீசியத் துப்பாக்கிக்காரர்கள் சிலர் விஜயநகரப் பாசறைக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் கோட்டையை இடிக்கவில்லை. கடப்பாரை கொண்டு சுவரை இடித்துக்கொண்டிருந்த ஆட்களின்மேல் மேலிருந்து கல்லும் அம்பும் எறிந்தவர்களை, தலை தெரிந்த இடத்திலெல்லாம் சுட்டு வீழ்த்தினர். என்ன நடக்கிறதென்று பார்ப்பதற்காகச் சுவருக்கு வெளியே எட்டிப்பார்த்த கோட்டைத் தலைவரே நெற்றியில் குண்டு பட்டு இறந்தார் என்று போர்த்துகீசிய வணிகர் ஃபெர்னாவ் நூனிஸ் எழுதிய குறிப்பு சொல்கிறது. இங்கே வேகத்துக்கு வேலையில்லை. நிரப்பிய துப்பாக்கியைச் சுவரோரத்தில் குறிபார்த்தபடி எவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டிருக்கலாம். நூறு பவுண்டு வில்லை முழுதாக இழுத்த நிலையில் சில விநாடிகளுக்கு மேல் நிறுத்திவைக்க எவராலும் முடியாது. எய்ய வேண்டுமானால் எழுந்து நின்று உடலைக் காட்டவும் வேண்டும்.

அதே ஆண்டு, அதே போரில், திறந்த வெளியில் நடந்தது வேறு. கோட்டையை மீட்க வந்த பீஜப்பூர் சுல்தானின் படை தன் சுடுகலன்களை எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்து விஜயநகர முன்வரிசையைக் கலைத்தது. ஆனால் மறுபடி நிரப்புவதற்குள் ராயரின் படை அவர்கள்மேல் பாய்ந்துவிட்டது. உங்கள் மாணவியின் ஐயத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நிரப்பும் நேரத்தில் துப்பாக்கிக்காரனைக் காக்க ஏதேனும் ஒன்று இருந்தால்தான் துப்பாக்கி ஆயுதம். இல்லையேல் அது வெறும் இரும்புக்குழாய். ஆறு ஆண்டுகள் கழித்துப் பானிப்பட்டில் பாபர் அந்தக் காப்பை ஏற்படுத்தினார். வண்டிகளைத் தோல்கயிற்றால் பிணைத்து நிறுத்தி, அவற்றுக்குப் பின்னால் துப்பாக்கிக்காரர்களை வைத்தார். அப்போதும் இப்ராஹிம் லோடியின் படையைப் பக்கங்களிலிருந்து வளைத்தவர்கள் அவருடைய குதிரை வில்லாளிகள்தாம். முகலாயக் குதிரைப்படையில் வில் அதன் பின்னும் நூறாண்டுகளுக்கு மேல் மதிப்போடு இருந்தது. குதிரைமேல் இருந்துகொண்டு, மேற்சொன்ன நாற்பது நிலைகளையும் யார் செய்வது? ஆகவே 'துப்பாக்கி வில்லை அகற்றியது' என்று ஒரே வரியில் சொல்லாமல், முதலில் காலாட்படையில் அகற்றியது என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

படிவம்ஆறு எழுதியது:

அண்ணன், அக்கா அனைவருக்கும் வணக்கம். நம் ஊரில் மாலையானால் மழை. திரி நனைந்தால் துப்பாக்கி என்ன ஆகும்? இந்த மாதிரி நாட்டில் வில்தானே பாதுகாப்பு?

ஆலைப் பொறியாளன் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நனைந்த திரியும் நனைந்த மருந்தும் பயன்படாது என்பது உண்மை. பெருமழையில் துப்பாக்கிப்படை கைகட்டி நின்ற போர்கள் உண்டு. ஆனால் நாணும் நனையும். மத்திய ஆசியரும் முகலாயரும் பயன்படுத்திய கூட்டுவில், மரத்தோடு கொம்பையும் தசைநாரையும் விலங்குப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. ஈரக்காற்றில் அந்தப் பசை இளகும். வில்லின் விறைப்பு போய்விடும். நம் ஊர்க் காற்றில் அப்படி ஒரு வில்லைப் பேணுவது துப்பாக்கியைப் பேணுவதைவிட எளிது என்று நான் சொல்லமாட்டேன்.

லாசா சாலை எழுதியது:

மலாக்காவிலிருந்துதான் இந்தக் கேள்வி பிறந்தது என்பதால் அதைப் பற்றி ஒரு சொல். மலாக்காவில் வில்லைத் துப்பாக்கி வென்றது என்று மாணவர்கள் எண்ணிக்கொண்டிருந்தால் அதைத் திருத்த வேண்டும். சுல்தானின் படையிடமும் சுடுகலன்கள் இருந்தன. நகரம் வீழ்ந்த பிறகு அவற்றை ஆயிரக்கணக்கில் கைப்பற்றியதாகப் போர்த்துகீசியக் குறிப்புகளே கூறுகின்றன. போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கின் ஆட்களை அஞ்சவைத்தவற்றுள் நஞ்சு தோய்த்த ஊதுகுழல் அம்புகளும் இருந்தன.

அந்த ஊதுகுழலை இன்றும் சுங்கை சிப்புட்டை அடுத்த லாசாவுக்கு அப்பால் உள்ள தெமியார் பழங்குடி மக்களிடம் காணலாம். அவர்களுடைய சும்பித்தான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் புரியும்: ஒரு மூங்கிலுக்குள் இன்னொரு மூங்கில், உள்குழாய் கண்ணாடிபோல் வழுவழுப்பு, அம்போ ஈர்க்குச்சி அளவு, அதன் நுனியில் ஈப்போ மரத்துப் பாலைக் காய்ச்சிப் பூசிய கருமையான பூச்சு. அந்த அம்புக்கு விசையே இல்லை எனலாம். கொல்லும் வேலையை நஞ்சு பார்த்துக்கொள்கிறது. மரவுச்சியில் இருக்கும் குரங்கை, கூட்டத்தில் மற்றவை கலையாதபடி ஓசையின்றி வீழ்த்துவதற்கு அதைவிட ஏற்ற கருவி இல்லை. தடித்த துணியும் தோலும் அணிந்து வரிசையாக முன்னேறும் படையைத் தடுத்து நிறுத்த அது போதாது. வேட்டையில் நிலைத்த கருவி போரில் நிலைக்காததற்குக் காரணம், இலக்கு வேறு என்பதே. பொறியாளர் சொன்ன ஆற்றல் கணக்கு எனக்கு ஏற்புடையது. ஆயினும் அது கவசம் அணிந்த எதிரிக்கு எதிராக மட்டுமே முழுதாகப் பொருந்தும்.

சிப்புட் ஆசிரியை எழுதியது:

லாசா சாலை ஐயாவின் கடைசி வரியை ஒட்டிக் கொரியாவை நினைத்துக்கொள்கிறேன். ஐரோப்பியத் தகட்டுக் கவசம் அங்கே இல்லை; வில்லோ அங்கே தலைசிறந்த நிலையில் இருந்தது. 1543இல் தனேகஷிமா தீவுக்கு வந்த போர்த்துகீசியரிடமிருந்து துப்பாக்கியைக் கற்ற ஜப்பானியர், 1575இல் நாகஷினோவில் மரவேலிக்குப் பின்னால் துப்பாக்கி வரிசைகளை நிறுத்தித் தகேதா படையை முறியடித்தனர். 1592இல் அவர்கள் கொரியாவில் இறங்கியபோது, கொரிய வில்லாளிகளும் குதிரைப்படையும் தரையில் அடுத்தடுத்துத் தோற்றனர். கொரியரிடம் வெடிமருந்து இல்லாமலில்லை. அவர்களுடைய கப்பற்பீரங்கிகள் கடலில் ஜப்பானியரைத் திணறடித்தன. கையில் ஏந்திக் குறிபார்த்துச் சுடும் அத்தகைய துப்பாக்கிதான் அவர்களிடம் இல்லை.

வில்லாளிகளின் நாடான அதுவே அடுத்த ஆண்டில், 1593இல், துப்பாக்கிப் பயிற்சிக்கென்று ஒரு தனிப் படைத்துறையை ஏற்படுத்தியது. 1654இலும் 1658இலும் ஆமூர் ஆற்றுப் பகுதியில் ரஷ்யரை எதிர்க்கச் சீன அரசு கொரியாவிடம் கேட்டுப் பெற்றது துப்பாக்கிக்காரர்களைத்தான். இவ்வளவு தேர்ந்த வில்லாளிகள் கையிலிருந்தும் ஓர் அரசு ஏன் மாறியது என்பதற்குப் பயிற்சியின் எளிமையை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது என்பதில் நான் பொறியாளர் பக்கம் நிற்கிறேன்.

பழைய கிராணி எழுதியது:

கொரியாவை மறுக்கவில்லை. ஆனால் களத்தில் ஒரு பொழுது நடப்பது வேறு. ஒரு போர் ஆண்டுக்கணக்கில் நடப்பது வேறு. எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு எப்போதும் இருப்புக் கணக்கில்தான் கண் போகும்.

1571இல் லெபாந்தோ கடற்போரில் உஸ்மானியர் தங்கள் கப்பற்படையின் பெரும்பகுதியை இழந்தனர். மறு ஆண்டே அவர்கள் புதிய கப்பல்களோடு கடலுக்குத் திரும்பிவிட்டனர். மரமும் தச்சரும் அவர்களிடம் தாராளமாக இருந்தன. ஆனால் அந்த ஒரு நாளில் மாண்ட தேர்ந்த வில்லாளிகளை ஈடுசெய்ய ஒரு தலைமுறை வேண்டியிருந்தது என்று வரலாற்றாளர் சிலர் காட்டியுள்ளனர். பொருளும் அப்படியே. நல்ல நெடுவில்லுக்கு யூ மரம் வேண்டும். தம் நாட்டு மரம் போதாமல், இங்கிலாந்துத் துறைமுகத்துக்கு வரும் வணிகர் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்தண்டுகள் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே இயற்றினர். ஓர் அம்புக்குத் தண்டு, இறகு, இரும்புமுனை என்று மூன்று கைகளின் வேலை தேவை. 24 அம்புகளைக் கட்டினால் ஒரு கட்டு, சில நிமிடங்களில் அது தீர்ந்துவிடும். குண்டுக்கோ ஈயமும் ஓர் அச்சும் போதும். கூடாரத்தின் முன் அடுப்பு மூட்டி இரவில் வார்த்துக்கொள்ளலாம். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு மட்டும் தட்டுப்பாடான பொருள். அதற்காகத் தொழுவத்து மண்ணையும் கழிவறை மண்ணையும் தோண்டும் உரிமையை அரசாங்கங்கள் தமது ஆட்களுக்கு அளித்தன. குடிமக்கள் அதனால் பட்ட தொல்லையும் பதிவாகியுள்ளது.

இந்த விவாதம் நமக்குப் புதிது. இங்கிலாந்தில் அவர்கள் இதை 1590இலேயே நடத்தி முடித்துவிட்டார்கள். சர் ஜான் ஸ்மைத் நெடுவில்லைக் கைவிடக் கூடாதென்று வாதிட்டு நூல் எழுதினார். வேகம், மழை, மருந்தின் பழுது என்று நம் மாணவி சொன்னவை அனைத்தும் அதில் உண்டு. நெதர்லாந்துப் போர்களில் அடிபட்டுத் தேர்ந்த சர் ரோஜர் வில்லியம்ஸ் அதே ஆண்டில், 1,500 வில்லாளிகளைவிட 500 மஸ்கெட் வீரர்களே பயன்மிக்கவர்கள் என்று எழுதினார். அவர் காட்டிய காரணம் என் நெஞ்சில் நின்றது: சில மாதங்கள் பாசறையில் கிடந்து, அரைவயிற்றுக்கு உண்டு, ஈரத்தில் படுத்துக் காய்ச்சல் கண்ட படையில், முழு வலிமையோடு வில் இழுக்கக்கூடியவர் ஒரு பகுதியினரே எஞ்சுவர். நோயாளியின் விரல் அழுத்தினாலும் துப்பாக்கிக்குண்டு அதே விசையோடுதான் போகும். 1595இல் அரசவை, பயிற்சிப்படைகளின் வில்லுக்குப் பதிலாகத் துப்பாக்கி கொடுக்க ஆணையிட்டது.

ஆலைப் பொறியாளன் எழுதியது:

ஐயா, நீங்கள் இப்போது எழுதியிருப்பது என் வாதத்துக்கும் வலிமை சேர்க்கிறது. ஆற்றல் உடலில் இருந்தவரை பசியும் காய்ச்சலும் ஆயுதத்தையே பலவீனமாக்கின. ஆற்றல் மருந்துக்கு மாறியதும் அதைப் பீப்பாயில் அடைத்து வண்டியில் ஏற்றிச் செல்ல முடிந்தது.

படிவம்ஆறு எழுதியது:

இன்னும் ஒரே ஒரு கேள்வி. 18ஆம் நூற்றாண்டுக்குள் வீரர்கள் கவசத்தையே கைவிட்டுவிட்டார்கள் அல்லவா? துணிச்சட்டை அணிந்து நெருக்கமாக வரிசையில் நின்றார்கள். அப்போது வில்லுக்குத் திரும்பியிருக்கலாமே? 1776இல் பெஞ்சமின் பிராங்க்ளின், அமெரிக்கப் படைத்தலைவர் சார்லஸ் லீக்கு எழுதிய கடிதத்தில் வில்லும் அம்பும் நல்ல ஆயுதங்கள், அவற்றைக் கைவிட்டது அறிவுடைமையன்று என்று சொல்லியிருப்பதாகப் படித்தேன். ஒரு குண்டு சுடும் நேரத்தில் நான்கு அம்பு எய்யலாம், புகை கண்ணை மறைக்காது, அம்பு தைத்தவன் அதைப் பிடுங்கும்வரை சண்டையிட முடியாது என்றெல்லாம் அவர் காரணம் காட்டுகிறார்.

தென்றல் எழுதியது:

தம்பி, பிராங்க்ளின் காட்டிய ஒவ்வொரு காரணமும் தனித்தனியே பார்த்தால் சரியானதுதான். ஆனால் அம்பை எய்ய ஆள் எங்கே? அமெரிக்கக் குடியேறிகளுள் போர்வில்லை இழுக்கும் தோள் உள்ளவர் எவருமில்லை. பாட்டன் காலத்திலேயே அந்தப் பழக்கம் அற்றுப்போயிருந்தது. கிராணி ஐயாவின் பத்தாண்டுக் கணக்கு இங்கேதான் முழு வலிமையோடு பொருந்துகிறது: வில் போவதற்கு ஆற்றல் காரணம் என்றால், போன வில் திரும்பாததற்குப் பயிற்சி காரணம்.

அதோடு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழாயின் வாயை அடைக்காமல் பொருத்தக்கூடிய துப்பாக்கிமுனைக் கத்தி வந்துவிட்டது. ரெய்ச்சூரில் பீஜப்பூர்ப் படைக்கு நேர்ந்ததைச் சொன்னேனே, நிரப்பும் நேரத்தில் காக்க ஆளில்லாத அந்தக் குறை அதனால் தீர்ந்தது. அதுவரை நீண்ட ஈட்டி ஏந்தியவர்கள் பக்கத்தில் நின்று துப்பாக்கிக்காரனைக் காக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு சுடுபவனே ஈட்டிக்காரனும் ஆனான், ஒரு படையில் ஏந்தக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் கூடியது. ஆறடி வில்லின் நுனியில் கத்தியைக் கட்டிக்கொண்டு, பாய்ந்து வரும் குதிரைகளின் முன் வரிசையாக நிற்க முடியாது.